உரிமம் உண்டு, அனுபவம் இல்லை

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக வேலை பார்க்க உரிமம் தருபவை அந்தந்த மாநிலத்தின் செவிலியர் வாரியங்கள். வெளிநாட்டில் படித்தவரிடம் அவை பொதுவாகக் கேட்பவை நான்கு: படிப்பு அமெரிக்கப் படிப்புக்கு இணையானது என்ற மதிப்பீடு, சொந்த நாட்டுப் பதிவு, ஆங்கிலத் திறனுக்குச் சான்று, என்க்ளெக்ஸ்-ஆர்.என். தேர்வில் தேர்ச்சி. வார்டில் எத்தனை ஆண்டு நின்றார் என்பதைப் பெரும்பாலான வாரியங்கள் ஒரு தகுதியாக வைப்பதில்லை. குடிவரவுச் சட்டமும் வைப்பதில்லை. அந்தக் கேள்வி எழுவது உரிமம் கைக்கு வந்த பிறகு, மருத்துவமனையின் வேலை அறிவிப்பில்: "அக்யூட் கேர் பிரிவில் குறைந்தது ஓராண்டு அனுபவம் தேவை." (அக்யூட் கேர் என்பது கடும் நோய்க்கு மருத்துவமனையில் தங்கவைத்துத் தரும் சிகிச்சை.) ஆண்டுக்கணக்கில் படித்து, காகிதம் திரட்டி, தேர்வெழுதித் தேறியவர்களில் பலர் தேங்கிப்போவது இந்த ஒரு வரியில்தான்.

இந்த வரியில் சிக்குபவர்களில் தமிழ்நாட்டுப் பெண்களும் கணிசமாக உண்டு. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு திருமணம், கணவருக்கு அமெரிக்காவில் கணினி வேலை, சார்ந்தோர் விசாவில் பயணம் என்பது பழகிப்போன பாதை. ஹெச்-4 விசாவில் இருப்பவர் வேலைக்குப் போகவே முடியாத காலம் ஒன்று இருந்தது. 2015 மே மாதம் முதல், கணவரின் பச்சை அட்டை மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் வேலை அனுமதி கிடைக்கிறது. எல்-2 விசாவில் வந்தவர்களுக்கு 2021 நவம்பரில் நிலைமை எளிதானது. அவர்கள் தனி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹெச்-4 காத்திருப்பில் கழியும் மூன்று, நான்கு, ஆறு ஆண்டுகளில் குழந்தை பிறக்கிறது, வீடு மாறுகிறது, கல்லூரியில் கற்ற கைவேலை மெல்ல மறக்கிறது. அனுமதி வரும் நாளில் சான்றிதழின் தேதி பழையதாகிவிடுகிறது. இதில் அந்தப் பெண்ணின் பிழை எதுவும் இல்லை.

இன்னொரு சாராருக்கு அனுபவம் இருந்தும் இல்லாத நிலை. கிளினிக்கிலோ கல்லூரியில் டியூட்டராகவோ இருந்த ஆண்டுகளைப் படுக்கையருகே நோயாளியைக் கவனித்த அனுபவமாக அமெரிக்க மருத்துவமனைகள் கொள்வதில்லை. சொந்த நாட்டு மருத்துவமனையில் வார்டு பார்த்தவரிடமும் "அமெரிக்க அனுபவம் உண்டா?" என்று கேட்கும் இடங்கள் உள்ளன.

வேலை தருபவர் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாகச் சேரும் செவிலியர் முதல் சில வாரங்கள் தனியாக நோயாளியை ஏற்பதில்லை. பிரிசெப்டர் எனப்படும் மூத்த செவிலியர் ஒருவர் ஷிப்ட் முழுக்க உடன் நிற்பார். ஒரே வேலைக்கு இரண்டு பேர் சம்பளம். சாதாரண மருத்துவ, அறுவை வார்டில் இது பத்துப் பன்னிரண்டு வாரம் வரை போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கும் மேல். இவ்வளவு செலவழித்துப் பயிற்றுவித்தவர் ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போவதும் சாதாரணமாக நடக்கிறது. கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரம் புதிய செவிலியரை உலுக்கிவிடுவதை மார்லின் கிரேமர் 1974இல் வெளிவந்த "ரியாலிட்டி ஷாக்" நூலில் விரிவாக ஆராய்ந்தார். பத்தாண்டு கழித்து, 1984இல், பட்ரீசியா பென்னர் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். ஒரே வகைப் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டு பணியாற்றிய பிறகே ஒருவர் நடுப்படியான "தகுதியுடையவர்" நிலைக்கு வருகிறார் என்பது அவர் கணிப்பு.

இந்த இடைவெளியை நிரப்பவே அமெரிக்க மருத்துவமனைகள் ரெசிடென்சி என்னும் ஓராண்டுப் பயிற்சித் திட்டங்களைத் தொடங்கின. நாடு முழுக்கப் பின்பற்றப்படும் ஒரு பெரிய திட்டம் 2002இல் வந்தது. சம்பளத்துடன் வேலை, கூடவே வகுப்பு, வழிகாட்டி, சக புதியவர்களின் குழு என்று நல்ல ஏற்பாடு. ஆனால் இதற்குள் நுழைய "நியூ கிராஜுவேட்" ஆக இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் அதன் பொருள், படிப்பை முடித்து 12 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது. வெளிநாட்டில் படித்தவருக்கு ஆவண மதிப்பீடு முடிந்து தேர்வு எழுதவே ஓராண்டு போதாது. ஆக, அனுபவமுள்ளவருக்கான வேலையில் அனுபவம் இல்லை என்று கழிக்கப்படுபவர், புதியவருக்கான வேலையில் பழையவர் என்று கழிக்கப்படுகிறார். அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை என்ற செய்தி ஓயாமல் வரும்போதும் உரிமம் பெற்றவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். பற்றாக்குறை இருப்பது பயிற்சி தேவைப்படாத செவிலியருக்கு. பயிற்சி தர ஆளும் பணமும் ஒதுக்காதவரை அந்த எண்ணிக்கை கூடப்போவதில்லை.

வேலை தேடும் படலம் உண்மையில் ஆவணங்களிலிருந்தே தொடங்குகிறது. படிப்பை மதிப்பிடுவதில் பெயர்பெற்ற நிறுவனம் 1977இல் தொடங்கப்பட்ட, பிலடெல்பியாவைச் சேர்ந்த சி.ஜி.எஃப்.என்.எஸ்.; 2025இல் அது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விண்ணப்பதாரர் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் நகலை அது ஏற்பதில்லை. ட்ரான்ஸ்கிரிப்ட் கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ நேரடியாகப் போக வேண்டும். பதிவுச் சரிபார்ப்பு மாநிலக் கவுன்சிலிலிருந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் படித்தவருக்குக் கல்லூரி, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் என்று மூன்று இடத்து வேலை. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டுப் பயிற்சி என்ற விவரம் ட்ரான்ஸ்கிரிப்டில் தனித்தனியாக இல்லையென்றால் கோப்பு திரும்பி வரும். வெளிநாடு கிளம்பும் முன்பே, ஊரில் இருக்கும்போதே, இதை முடித்துவைப்பவர் மாதக்கணக்கில் மிச்சம் பிடிக்கிறார்.

எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்பதும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. கலிஃபோர்னியாவில் சம்பளம் அதிகம். வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிக்கு மேல் தரக்கூடாது என்ற சட்ட வரம்பும் அங்கே உண்டு. ஆனால் ஒரு பாடத்தின் வகுப்பும் அதன் வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் வற்புறுத்துகிறது. மகப்பேறு வகுப்பு மூன்றாம் ஆண்டில், வார்டுப் பயிற்சி நான்காம் ஆண்டில் என்றிருந்தால், அந்தப் பாடத்தை அமெரிக்கக் கல்லூரியில் மறுபடி படிக்கச் சொல்லும். பிலிப்பைன்ஸில் படித்த ஏராளமானோர் இந்த விதியில் மாட்டினார்கள். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமலும் விண்ணப்பிக்க இடம் தருவதால், இன்னும் ஊரிலேயே இருப்பவர்கள் பலர் நியூயார்க்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய 40 மாநிலங்கள் ஒரு கூட்டு உரிம ஒப்பந்தத்தில் உள்ளன. அவற்றில் ஒன்றில் குடியிருந்து உரிமம் பெற்றால் மற்றவற்றிலும் செல்லும். டெக்சாஸ் அதில் உண்டு. நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் இல்லை. முதல் வேலைக்கு எந்த ஊருக்கும் போகத் தயாராக இருப்பவருக்கு இந்தக் கூட்டு உரிமம் பெரிய துணை.

என்க்ளெக்ஸ் தேர்வை சென்னை உட்பட இந்திய நகரங்கள் சிலவற்றிலேயே எழுதலாம். கணினி, விடைக்கேற்பக் கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போகும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் ஐந்து மணி. 2023 ஏப்ரலிலிருந்து, ஒரு நோயாளியின் நிலைமையைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகள் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் படித்தவர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியிலேயே தேறுகிறார்கள்; வெளிநாட்டில் படித்தவர்களின் தேர்ச்சி அதைவிட மிகவும் குறைவு. மனப்பாடத்தில் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு, நான்கு சரியான விடைகளில் முதலில் செய்ய வேண்டியது எது என்ற கேள்வி புதிது. தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

ஊரில் இருந்தபடி விசாவுக்கு முயல்பவரின் கணக்கு வேறு. செவிலியர்களைத் தொழிலாளர் துறை "ஷெட்யூல் ஏ" பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் நீண்ட சடங்கு தேவையில்லை, மருத்துவமனை நேரடியாகப் பச்சை அட்டைக்கு மனுச் செய்யலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாஸ்கிரீன் என்ற சான்றிதழும் வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் இந்தியாவில் பிறந்தவருக்கு இ.பி.-3 எனப்படும் பச்சை அட்டை வரிசையில் காத்திருப்பு பத்தாண்டுக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான். இப்போதைய குடியுரிமையை வைத்து அல்ல. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் சேரலாம். செவிலியருக்கென்றே இருந்த ஹெச்-1ஏ விசா 1995இலும், ஹெச்-1சி விசா 2009இலும் முடிந்துபோயின. சாதாரண வார்டு வேலைக்கு ஹெச்-1பி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த வேலைக்குப் பட்டப்படிப்பு கட்டாயமில்லை என்பதே அதற்கான வாதம்.

அனுபவம் இல்லாதவரைக் குறிவைக்கும் ஏஜென்சிகளிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. "எல்லாச் செலவும் எங்களுடையது, இரண்டு மூன்று ஆண்டு எங்களிடம் வேலை பார்த்தால் போதும்" என்று ஒப்பந்தம் நீட்டப்படும். நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். ஊரில் பாண்டு என்று சொல்வோமே, அதன் டாலர் வடிவம். நியூயார்க்கின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சேர்க்கப்பட்ட பிலிப்பைன்ஸ் செவிலியர்களுக்கு விலகினால் 25,000 டாலர் என்று விதித்திருந்த ஒப்பந்தத்தை, 2019இல் புரூக்ளினில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது. ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டத்தையே அது மீறுகிறது என்றும் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: எந்த ஊரில் எந்த இடத்தில் வேலை, மணிக்கு எவ்வளவு சம்பளம், பிரிசெப்டருடன் எத்தனை வாரம். மூன்றாவதற்குப் பதில் வராத இடம் அனுபவமில்லாதவருக்கு ஆபத்தான இடம்.

ஏற்கனவே அமெரிக்காவில் இருந்து, உரிமமும் வேலை அனுமதியும் கையில் உள்ளவருக்கு முதலில் திறக்கும் கதவு பெரும்பாலும் பெரிய மருத்துவமனையாக இருப்பதில்லை. ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி எனப்படும் பராமரிப்பு இல்லங்களே அதிகம் எடுக்கின்றன. மருத்துவமனையிலிருந்து வெளியேறி இன்னும் வீட்டுக்குப் போக முடியாதவர்களும், நிரந்தரமாகத் தங்கிவிட்ட முதியவர்களும் அங்கே இருப்பார்கள். அங்கே கற்க ஒன்றுமில்லை என்று நினைப்பது தவறு. ஆறாத புண்ணுக்குக் கட்டு, குழாய் வழி உணவு, நரம்பு வழி ஆன்டிபயாட்டிக், சர்க்கரை, ரத்த அழுத்தம், மறதி நோய் என்று பலவும் ஒரே ஷிப்டில் வரும். உடல்நிலை லேசாக மாறும்போதே கண்டுபிடிக்கும் கண் அங்கே கூர்மையாகும், ஏனென்றால் மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார். சிக்கலும் அதே இடத்தில்தான். ஒரு செவிலியர் பொறுப்பில் இருபது முப்பது பேர். பயிற்சி சில நாளோடு முடிந்துவிடும். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே ஷிப்ட் ஓடிவிடும். முதல் வாரமே தனியாக விடும் இல்லத்தில் பிழை நேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியது புதியவரின் உரிமம்.

இதைவிட நல்ல தொடக்கமாக இருக்கக்கூடியவை நீண்டகால அக்யூட் கேர் மருத்துவமனைகள். நோயாளிகள் சராசரியாக 25 நாளுக்கு மேல் தங்கும் இடம். வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுவிப்பது, சிக்கலான புண்கள் போன்றவற்றை அங்கே அருகிலிருந்து கற்கலாம், பிற்பாடு மருத்துவமனை அனுபவமாகவும் சொல்லலாம். டயாலிசிஸ் மையங்கள் தாங்களே பயிற்சி கொடுத்து எடுப்பதுண்டு. மனநல மருத்துவமனைகள், சிறை மருத்துவப் பிரிவுகள், மறுவாழ்வு மையங்கள் ஆகியவற்றிலும் போட்டி குறைவு. நகரத்தை விட்டு விலகத் துணிந்தவருக்குக் கிராமப்புறத்துச் சிறு மருத்துவமனைகள் உண்டு. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த, 25 படுக்கைக்கு மேற்படாத இந்த இடங்களில் ஆள் கிடைப்பதே அரிது. பிரசவம் முதல் விபத்து வரை எல்லாவற்றையும் அதே சில செவிலியர்கள் பார்ப்பார்கள். குழந்தைகளின் பள்ளி, கணவரின் வேலை என்று பார்க்கும் குடும்பத்துக்கு இது எளிய முடிவு அல்ல. வீட்டுக்கே போய் ஒரு நோயாளியைப் பார்க்கும் வேலை எளிதில் கிடைத்தாலும் முதல் வேலையாக நல்லதல்ல. தொண்டையில் குழாய் பொருத்திய குழந்தைக்கு மூச்சு முட்டினால் கேட்க அங்கே மூத்தவர் யாரும் இல்லை.

காத்திருக்கும் மாதங்களைப் பயனாக்க வழிகள் உண்டு. இதய, நுரையீரல் உயிர்ப்பிப்புக்கான பி.எல்.எஸ். சான்று எல்லா இடத்திலும் கட்டாயம், அதன் மேம்பட்ட வடிவமான ஏ.சி.எல்.எஸ். கூடுதல் பலம், இரண்டுக்கும் ஆயுள் இரண்டு ஆண்டு. நீண்ட இடைவெளி விட்டவருக்கு ரெஃப்ரெஷர் படிப்பு உள்ளது. அதில் வார்டுப் பயிற்சியும் அடங்கியிருந்தால் மட்டுமே பணம் கட்டுவதில் பொருள் உண்டு, ஏனென்றால் அந்த வார்டின் மேற்பார்வையாளரே முதல் அமெரிக்கப் பரிந்துரையாளராக அமைவார். சிலர் உதவிச் செவிலியராக, அதாவது சி.என்.ஏ.வாக, உள்ளே நுழைகிறார்கள். நோயாளியைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, சிறுநீர் அளந்து வேலை செய்பவரை வார்டு மேலாளர் நேரில் காண்பார்; அதனால் வேலை கிடைத்தவர்கள் உண்டு. உரிமம் வருமுன் இது நல்ல வழி. உரிமம் வந்த பிறகு அதே வேலையில் நீடித்தால், செவிலியருக்குரிய அறிவோடு நடந்துகொண்டாரா என்றே பிழை நேரும்போது வாரியம் பார்க்கும். மருத்துவமனைகளும் அப்படி வைத்துக்கொள்ளத் தயங்குவதற்கு அதுவே காரணம். டிப்ளமோ படித்தவர்கள் அமெரிக்கக் கல்லூரியில் பட்டத்தை முடிப்பது செலவானாலும், கைக்கு வரும் பட்டம் புதிய தேதியோடு வருகிறது. சில ரெசிடென்சிக் கதவுகள் அதற்குத் திறக்கின்றன.

விண்ணப்பத்தில் ஊர்ப்பழக்கம் பலருக்கு இடறுகிறது. அமெரிக்க ரெஸ்யூமேயில் புகைப்படம், வயது, தந்தை பெயர், திருமண நிலை, மதம் எதுவும் இருக்கக் கூடாது. அனுபவம் என்ற இடத்தைக் காலியாக விடாமல், படிப்புக் காலத்து வார்டுப் பயிற்சியை எந்தப் பிரிவு, எத்தனை மணி நேரம், எத்தனை படுக்கை கொண்ட மருத்துவமனை என்று எழுதலாம். நம் அரசு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர் ஒரே மாதத்தில் பார்த்த பிரசவங்களை அமெரிக்க மாணவி படிப்பு முழுக்கவும் பார்த்திருக்க மாட்டார். அதை அடக்கத்தால் மறைப்பது நட்டம். இணையத்தில் நூறு விண்ணப்பம் போடுவதைவிட, ஒரு வார்டு மேலாளரை நேரில் சந்திக்க வழி தேடுவதும், அந்த ஊரில் ஏற்கனவே வேலை பார்க்கும் மலையாளி, பிலிப்பினோ, தமிழ்ச் செவிலியர்களிடம் கேட்பதும் அதிகம் பலன் தரும்.

நேர்காணலில் மருத்துவ அறிவைவிட நடத்தையே அதிகம் சோதிக்கப்படும். "ஒரு நோயாளியின் உறவினர் கோபமாகக் கத்தியபோது என்ன செய்தீர்கள்?" "உங்கள் பிழை ஒன்றைச் சொல்லுங்கள்." பிழையே செய்ததில்லை என்பது இங்கே தவறான விடை; பிழையை உணர்ந்து, உடனே தெரிவித்து, அதிலிருந்து என்ன மாற்றிக்கொண்டார் என்பதைத்தான் கேட்கிறார்கள். மருத்துவரிடம் பேசும் முறை இன்னொரு பெரிய வேறுபாடு. ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருந்து, "சார்" சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்க வார்டில் செல்லாது. செவிலியரே ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலைக் கேட்டு, ஏதோ சரியில்லை என்று முடிவு செய்து, இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை எழுப்ப வேண்டும். அதற்கென்று எஸ்பார் என்ற ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. இப்போது நடப்பது, பின்னணி, தன் கணிப்பு, தன் கோரிக்கை என்ற நான்கையும் ஒரு நிமிடத்தில் சொல்வது. "12ஆம் அறை நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 30, ஆக்சிஜன் 86. மூன்று நாள் முன் இடுப்பு அறுவை. நுரையீரலில் ரத்தக்கட்டி போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." மூன்றாவது வாக்கியம்வரை பலர் வந்துவிடுவார்கள்; நான்காவதைச் சொல்லத்தான் பழக வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று, தொலைபேசியைக் கையில் பிடித்து, இதை உரக்கச் சொல்லிப் பழகினால் நேர்காணலுக்கும் உதவும், வார்டுக்கும் உதவும்.

வேலை கிடைத்த முதல் வாரங்களில் சின்னச் சின்ன விஷயங்களே அதிகம் தடுமாற வைக்கின்றன. ஊரில் நோயாளியோடு தங்கும் உறவினர் குளிப்பாட்டுவார், சோறு ஊட்டுவார், மருந்துக்கடைக்கு ஓடுவார். இங்கே அத்தனையும் செவிலியரின், உதவியாளரின் பொறுப்பு. மருந்து பூட்டிய இயந்திர அலமாரியிலிருந்து விரல் ரேகைக்குத் திறக்கும். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்து உறையையும் ஸ்கேன் செய்த பிறகே கொடுக்கலாம். செய்தது எல்லாம் கணினியில் ஏற வேண்டும். ஏறாதது செய்யாததாகவே கொள்ளப்படும். எபிக் போன்ற மென்பொருளின் திரைகள் கைக்கு வரச் சில வாரம் பிடிக்கும். பிரிசெப்டரோடு இருக்கும் காலம் போதவில்லை என்றால் கூடுதல் வாரம் கேட்பதை மேலாளர்கள் குறையாக எண்ணுவதில்லை. கேட்காமல் தலையாட்டிவிட்டு, பிறகு தனியாகத் தவிப்பதைத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஓராண்டு நிறைந்ததும் வேலை அறிவிப்பின் அந்த வரி பாதி திறக்கும். பராமரிப்பு இல்லத்து ஓராண்டை அக்யூட் கேர் அனுபவமாகச் சில மருத்துவமனைகள் ஏற்பதில்லை. ஆனால் அந்த இல்லமோ மறுவாழ்வு மையமோ ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தால், உள்ளிருந்தே வார்டுக்கு மாறக் கேட்கலாம். வெளியாருக்கு அறிவிக்கும் முன் உள்ளே இருப்பவருக்கு வாய்ப்பு தரும் இடங்கள் பல. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை விசாரித்து வைப்பது நல்லது. அப்படி மாறிப் போகும் வார்டிலும் சில வாரத்துக்கு ஒரு பிரிசெப்டர் உடன் நிற்பார். திறன் பட்டியலில் அவர் போட வேண்டிய கையெழுத்துகள் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கும்.